கப்பலில் வருபவை

எனக்குத் தோற்கப் பிடிக்காது. சின்ன வயதில் பல்லாங்குழியில் தோற்றதற்காகத் தங்கையின் புளியங்கொட்டைகளை அள்ளிக் கிணற்றில் போட்டவள் நான். சென்னையில் இருக்கும் மகள் அந்தச் சொல் விளையாட்டைப் போனில் அனுப்பிவைத்த முதல் நாளே தோற்றேன். போனைத் தையல் மிஷின்மேல் தொப்பென்று வைத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையின் இடக்கையை வலப்பக்கம் மூட்டிவிட்டேன். பிறகு உட்கார்ந்து பிரித்தேன்.

விளையாட்டு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தினமும் காலையில் பதினாறு சொற்கள் வரும். அவற்றை நான்கு நான்காகச் சேர்க்க வேண்டும். எந்தக் காரணத்தால் சேர்கின்றன என்று சொல்ல மாட்டார்கள், நாமே கண்டுபிடிக்க வேண்டும். சரியாகச் சேர்த்தால் நிறம் மாறி மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். நான்கு முறை தப்பினால் அன்றைய கதை முடிந்தது. முதல் நாள் முல்லையைப் பார்த்ததும் ரோஜாவோடும் சாமந்தியோடும் சேர்த்துவிட்டேன். அதுவோ குறிஞ்சி, மருதம், நெய்தல் பக்கம் போக வேண்டியது. வேண்டுமென்றே வைத்த பொறி. அந்த விளையாட்டைச் செய்தவன் யாரோ, நேரில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

விடுவேனா? மறுநாள் பால் காய்வதற்கு முன்பே போனை எடுத்தேன். ஒரு மாதத்தில் கை பழகிவிட்டது. எளிதாகத் தெரிவதைத் தொடக்கூடாது, ஐந்தாவதாக ஒரு சொல் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதெல்லாம் புரிந்தது. முடித்ததும் அந்த வண்ணக் கட்டங்களை மகளுக்கு அனுப்புவேன். அவளும் அனுப்புவாள். வெறும் "சாப்டியா, மழையா" என்று கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்தது.

என் வீட்டுக்காரருக்கும் ஆசை வந்தது. ஆனால் அவர் ஆடிய ஆட்டமே வேறு.

அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கிரேன் இறக்கும் ஒவ்வொரு சரக்கு வலைக்கும் பென்சிலால் ஒரு கோடு போட்டு, எது எந்த லாரிக்கு, எது வடகோடியில் இருக்கும் திக்லிபூருக்குப் போகும் படகுக்கு என்று பிரித்து அனுப்ப வேண்டும். பிறந்தது வளர்ந்தது எல்லாம் இந்தத் தீவில், இதே ஜங்லிகாட்டில். அவருடைய அப்பா கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர். பள்ளியில் இந்தி, தெருவில் இந்தி, வீட்டில் மட்டும் தமிழ். அதனால் அவர் பேசினால் இரண்டும் ஒரே தட்டில் வரும்.

ஒரு நாள் தேநீரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விரலால் நான்கு சொற்களைத் தொட்டார். வெங்காயம், சிமெண்ட், செய்தித்தாள், மருத்துவர்.

"என்னங்க இது? நாலுக்கும் என்ன சம்பந்தம்?"

"மெயின்லேண்டுலேருந்து கப்பல்ல வர்றது. வேற என்ன?"

"பேப்பர் ஃப்ளைட்டுல வருது. டாக்டரும் ஃப்ளைட்டுலதான் வர்றார்."

"அரே, ஹவாய் ஜஹாஜும் ஜஹாஜ்தானே. தண்ணி தாண்டி வருதா இல்லியா? அவ்ளோதான், மாமலா கதம்."

இந்தியில் கப்பல் ஜஹாஜ், விமானம் காற்றுக் கப்பல். விளையாட்டு அதை ஏற்கவில்லை. ஒரு வாய்ப்பு போயிற்று. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்தால் அவர் சொன்னதில் தப்பே இல்லை. எங்கள் கடைத்தெருவில் வெங்காயத்தின் விலையைக் கேட்பதற்கு முன்னால் கப்பல் வந்துவிட்டதா என்றுதான் கேட்போம். மூளைக்கும் நரம்புக்கும் பார்க்கிற டாக்டர் எப்போதாவது மெயின்லேண்டிலிருந்து வருவார், வந்த வேகத்தில் போய்விடுவார். இந்தத் தீவில் விளைவது ஒரு வகை, தண்ணீர் தாண்டி வருவது ஒரு வகை. இரண்டே வகையில் இங்கே உலகம் அடங்கிவிடும்.

"உன்னையும் அதுல சேத்துக்கோ," என்றார். "நீயும் கப்பல்ல வந்த சரக்குதான்."

அது பழைய கேலி. எங்கள் கல்யாணம் என் ஊரில், சாத்தூர்ப் பக்கத்தில் நடந்தது. விடுப்பு முடிந்து அவர் முதலில் திரும்பிவிட்டார். எனக்கு அடுத்த கப்பலில்தான் இடம் கிடைத்தது. வழியெல்லாம் வாந்தி. தலையில் எண்ணெய் இல்லை, வாயில் உப்பு, கட்டியிருந்த புடவையை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. இறங்கினால், காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு அவர் வேலையில் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் பென்சிலை எடுத்துக் கையில் இருந்த தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்: "ஒரு பீஸ். டேமேஜ் இல்ல." எல்லோரும் சிரித்தார்கள். அந்த நிமிடத்தில் அதே கப்பலில் திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது. அப்புறம் என் டிரங்குப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். பெட்டி கனம். வீடு வரைக்கும் அவர் அதைக் கீழே வைக்கவே இல்லை.

மகளிடம் இந்தச் சங்கதியைச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு 'அப்பா குரூப்' என்று பெயர். தினமும் என் கட்டங்களோடு அப்பா குரூப் என்ன என்றும் எழுதி அனுப்ப வேண்டும். மழையில் நனையக்கூடாதவை, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் நசுங்குபவை, பக்கத்தில் வைத்தால் ஒன்றின் வாடை மற்றதில் ஏறுபவை என்று அவர் சேர்ப்பார். விளையாட்டு தப்பு என்று சொல்லும். நாங்கள் சிரிப்போம்.

எங்களை ஏமாற்றியது அந்தச் சிரிப்புதான். அவர் எப்போதும் தப்பாகத்தானே சேர்ப்பார்! ஒரு நாள் மல்லிகை, சுத்தியல், அத்தை, புதன்கிழமை என்று தொட்டார். எதனால் என்று கேட்டேன். "நீயே கண்டுபுடி," என்றார். நானும் மகளும் அன்று முழுக்க யோசித்தோம். புதன்கிழமை கப்பல் வரும் நாளாக இருந்ததோ, அத்தை மல்லிகை கொண்டுவந்தாளோ என்று என்னவெல்லாமோ கட்டிப் பார்த்தோம். அதில் ஒன்றுமே இல்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. வேறு எந்த வீட்டிலும் அன்றைக்கே சந்தேகப்பட்டிருப்பார்கள்.

பிறகு ஒரு காலை, மீன் வாங்கி வருகிறேன் என்று போனவர் மதியம் வரை வரவில்லை. ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். ஊரின் வேறு பக்கம் குட்வில் எஸ்டேட்டில் யாரோ வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். எங்களுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

"தீதி, தாதாவைத் தனியா விடாதீங்க," என்று ஆட்டோக்காரர் இந்தியில் சொன்னார். வங்காளி, அக்காவும் அண்ணனும் அவருக்குத் தீதியும் தாதாவும். கூலி வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

சென்னைக்குக் கூட்டிப் போனோம். ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு டாக்டர் அவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். சின்ன வயது டாக்டர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா, நாலு பொருள் சொல்றேன். ரெண்டு ரெண்டா பிரிச்சுச் சொல்லுங்க. ஆப்பிள், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, கேரட்."

இவர் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "எதுக்குப் பிரிக்கணும் சார்? நாலும் ஒரே கப்பல்தான். ஒரே லாட்."

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், அவர் சொன்னது சரி. எங்க ஊர்ல அது எல்லாம் கப்பல்லதான் வருது. நீங்க தேங்காய், பாக்குன்னு கேட்டிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பார். தப்புன்னு போடாதீங்க."

"அம்மா, கொஞ்சம் இருங்க," என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

"நீ சும்மா இரு. பதினெட்டு வயசு வரைக்கும் அங்கதானே வளந்தே? அப்பா சொல்றது தப்பா? சொல்லு."

டாக்டர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிங்கம்மா, அதைத் தப்புன்னு எடுத்துக்கலை," என்றார். பிறகு அவர் பக்கம் திரும்பினார். "ஐயா, இவங்க யாரு?" என்று மகளைக் காட்டினார்.

இவர் மகளைப் பார்த்தார். நன்றாகத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் கேட்டார்: "யாரு இது? நம்ம தங்கச்சி ஊர்லேருந்து எப்ப வந்தா?"

அவருடைய தங்கை இறந்துபோய் வெகுகாலம் ஆகிறது. அதற்கு நான் ஒரு நியாயமும் சொல்லவில்லை. மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அன்று மாலை அவள் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது பேசினோம். அவள் அழுது முடித்திருந்தாள்.

"ரெண்டு பேரும் இங்கயே இருந்துடுங்கம்மா. அங்க டாக்டரே இல்ல."

"நம்ம வீட்டு மேட்டுல அவருக்கு வழி தெரியும். கடைக்காரங்களுக்கு அவரைத் தெரியும். இங்க லிஃப்டுக்குள்ள விட்டா வெளியே வரத் தெரியாது. இப்பவே 'ஜஹாஜ் எப்போ, வீட்டுக்குப் போகணும்'னு கேட்டுக்கிட்டே இருக்கார்."

வெகுநேரம் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். அவருக்கு என்னைத் தெரிகிறவரைக்கும் நாங்கள் தீவில் இருக்கலாம். என்னையே தெரியாமல் போகிற நாளில் நான் தனியாகச் சமாளிக்க முடியாது. வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கு வந்துவிட வேண்டும். மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்த பிறகு அந்த விளையாட்டு எனக்கு விளையாட்டாக இல்லை. தினமும் காலையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சொற்களை ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பேன். நான்கில் ஒரு குழுவையாவது அவர் சரியாகச் சேர்த்துவிட்டால் அன்றைய நாள் எனக்கு நல்ல நாள். சேர்க்காவிட்டால், அவர் சொன்ன நான்கையும் எப்படியாவது ஒட்டவைத்துப் பார்ப்பேன். இப்படிச் சேரும், இதனால் சேரும் என்று எனக்குள்ளேயே டாக்டரோடு வாதாடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். தெரிந்தே செய்தேன். அந்த வீட்டை விட்டுப் போக எனக்கு மனமில்லை. அவரை விட்டு அவரே போவதைப் பார்க்கவும் தெம்பில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் போனார். முதலில் மரங்களின் பெயர்கள், பிறகு நிறங்கள். பென்சிலைக் கையில் கொடுத்தால் மட்டும் கோடு போடுவார், நான்கு கோடு போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுப்பார். சட்டையின் பித்தான் எதற்கு என்று ஒரு நாள் கேட்டார். தையல்காரியின் புருஷன் பித்தானைத் தெரியாது என்கிறாரே என்று நான் சிரித்தேன், சிரித்த வாயோடு அழுதேன். "ஏன்டி அழறே? எவன் உன்ன என்ன சொன்னான்?" என்று கேட்டார். அந்த 'டி' எனக்குப் போதுமாக இருந்தது. மகள் போன் செய்தபோது, "உன் அப்பா இன்னைக்கு என்னை டி போட்டார்," என்று பெருமையாகச் சொன்னேன்.

இந்த மழைக்காலத்தில் ஒரு வாரம் போல காற்றும் மழையும் அடித்தது. நெட் போய்விட்டது, போன் பேசவும் முடியவில்லை. போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சொற்கள் வரவில்லை. கப்பலும் வரவில்லை. கடையில் வெங்காயம் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையில் அந்தச் சொற்களைப் படிக்காமல் எனக்குக் கை ஓடவில்லை.

மூன்றாம் நாள் காலை நானே ஒரு விளையாட்டைச் செய்தேன். காலருக்கு உள்ளே வைக்கும் கேன்வாஸ் துணி என்னிடம் கட்டுக்கட்டாக இருந்தது. பதினாறு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் மை பேனாவால் பெரிய எழுத்தில் ஒரு சொல் எழுதினேன். பொறி எதுவும் வைக்கவில்லை. அவர் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்தே எடுத்தேன். மீன் நான்கு. தீவில் விளையும் தேங்காய், பாக்கு, வாழை, நெல். கப்பலில் வரும் வெங்காயம், சிமெண்ட், பேப்பர், டாக்டர். கடைசியாக வீட்டு ஆட்கள்: அம்மா, தங்கச்சி, மகள், பொண்டாட்டி.

வெட்டுமேசையில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டேன். அவரைக் கைபிடித்துக் கூட்டிவந்து உட்காரவைத்தேன்.

"எங்க, பிரிங்க பாக்கலாம்."

அவர் குனிந்து பார்த்தார். துணித் துண்டுகளைத் தொட்டதும் கைக்குப் பழைய வேகம் வந்தது போல இருந்தது. மீன்களைத் தள்ளினார், ஒன்று மட்டும் தவறியது. தேங்காயையும் பாக்கையும் சேர்த்தார், பாதியில் விட்டார். பிறகு வெங்காயத்தை எடுத்து ஓரத்தில் வைத்தார். சிமெண்டை அதன் பக்கத்தில் வைத்தார். பேப்பர். டாக்டரைத் தேடுகிறார் என்று நினைத்தேன். அவர் கை டாக்டரைத் தாண்டிப் போய், 'பொண்டாட்டி' என்று எழுதியிருந்த துண்டை எடுத்து, வெங்காயத்துக்கும் சிமெண்டுக்கும் நடுவில் வைத்தது.

நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஞாபகம் இருக்குதா? ஞாபகம் இருக்குதுங்களா? ஒரு பீஸ், டேமேஜ் இல்லன்னு சொன்னீங்களே!"

"ஆமா, ஆமா," என்றார். சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு சிரித்தார். "ஜஹாஜ்ல வந்தா. வாந்தி எடுத்து எடுத்து மூஞ்சி இத்தனூண்டு. பெட்டி சரியான கனம்."

"கனம்தான்! அதுக்குள்ள என்ன இருந்துச்சு தெரியுமா?"

"தைக்கிற மிஷினோட தலை," என்றார். "அத வெச்சுத்தான் குடும்பத்த ஓட்டினா. கெட்டிக்காரி."

இது யாருக்கும் தெரியாத விஷயம். மகளிடம்கூடச் சொன்னதில்லை. மழை அடித்துக்கொண்டிருந்தது, தகரத்தில் விழும் சத்தத்தில் எனக்கு வேறு ஒன்றும் கேட்கவில்லை. நெட் வந்ததும் இதைத்தான் முதலில் மகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வீட்டை விற்க வேண்டாம். இன்னும் ஒரு வருடம், இரண்டு வருடம் இங்கேயே ஓட்டிவிடலாம்.

அவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். முழங்காலில் இருந்த என் கையை மெல்ல, மரியாதையாக எடுத்து விட்டார்.

"கீழ ஏன் உக்காந்திருக்கீங்க? மேல உக்காருங்க," என்றார். "நீங்களும் மெயின்லேண்டுதானா?"

கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னை 'நீங்க' என்று சொன்னதே இல்லை. கோபத்தில்கூட இல்லை.

நான் எழுந்து எதிரில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மழையில மாட்டிக்கிட்டீங்க போல. பரவால்ல, இங்கயே இருங்க. உள்ள என் வீட்டுக்காரி தச்சுக்கிட்டு இருப்பா. சாய் போடச் சொல்றேன்." உள் அறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஏ புள்ள! ஆள் வந்திருக்காங்க பாரு."

உள் அறையில் யாரும் இல்லை. அவர் காத்திருந்தார். மறுபடி கூப்பிட்டார். பதில் வராததில் அவர் முகம் வாடியதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து உள்ளே போனேன். அடுப்பைப் பற்றவைத்து, இஞ்சி தட்டிப் போட்டு, இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தேன். ஒன்றை வாங்கிக்கொண்டு, சிரமத்துக்கு மன்னிக்கணும் என்பது போலத் தலையை ஆட்டினார்.

ஒரு வாய் குடித்தார். வீட்டுக்காரி போட்ட தேநீர் என்று தெரிந்திருக்க வேண்டும், முகம் தெளிந்தது. மேசையில் அந்த நான்கு துண்டுகளும் அப்படியே இருந்தன.

"திரும்பிப் போற ஜஹாஜ் எப்போ உங்களுக்கு?" என்று கேட்டார்.

மகளுக்குச் செய்துகொடுத்த சத்தியம் நினைவுக்கு வந்தது. மழை நின்றால் நெட் வந்துவிடும்.

"இன்னும் தேதி போடலைங்க," என்றேன்.